வெளி ஸ்டூடியோக்கள் கைவிட்டால் ஒரு கன்சோல் தாக்குப்பிடிக்குமா?

வேலன்_பிட் கேட்டது:

வணக்கம். எந்தக் கன்சோல் தோற்றாலும் "தேர்ட் பார்ட்டி (வெளி நிறுவனங்களின்) ஆதரவு இல்லை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நிண்டெண்டோவை வைத்துப் பார்த்தால் இது எனக்குப் பொருந்தவில்லை. மரியோ, செல்டா, போக்கிமான் என்று சொந்தச் சரக்கை முன்னே வைத்தே ஸ்விட்ச் கன்சோலை 15 கோடிக்கு மேல் விற்றார்கள். அதே மரியோவும் செல்டாவும் கையில் இருந்தும் அதற்கு முந்தைய கன்சோலான வீ யூ 1.356 கோடியோடு நின்றுவிட்டது. அப்படியானால் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வெளியாரா, சொந்தக் கேம்களா?

வெளி ஸ்டூடியோக்கள் வராவிட்டால் கன்சோல் நிறுவனத்துக்கு எந்த இடத்தில் அடி விழுகிறது? அவர்களை வரவைக்க நிறுவனம் செய்யவேண்டியது என்ன? பணமா, கருவிகளா, ஹார்டுவேரா? பொதுவாகச் சொல்லாமல் நடந்த உதாரணங்களோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

முகிலன்64 பதில்:

வீ யூவையும் ஸ்விட்ச்சையும் ஒப்பிடுவது நல்ல தொடக்கம். ஆனால் மொத்த விற்பனையைப் பார்க்காமல் இரண்டின் முதல் வருட வெளியீட்டு அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீ யூ அமெரிக்காவில் 2012 நவம்பர் 18 அன்று வந்தது. கூடவே நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ, நிண்டெண்டோ லேண்ட் இரண்டும் வந்தன. வெளியார் கேம்களுக்கும் அன்று குறைவில்லை, ஆனால் பாதிக்கு மேல் மற்ற கன்சோல்களில் ஏற்கெனவே விளையாடி முடித்தவை. மாஸ் எஃபெக்ட் 3 எப்படி வந்தது என்று பாருங்கள். வீ யூவில் மூன்றாம் பாகம் மட்டும் 60 டாலர். அதே மாதம் எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று பாகங்களும் சேர்ந்த தொகுப்பு அதே 60 டாலர். இப்படி விற்றால் யார் வாங்குவார்கள்? வாங்காததைக் காட்டி "இந்தக் கன்சோலில் எங்கள் கேம் விற்காது" என்று கேமை வெளியிடும் நிறுவனமான பப்ளிஷர் முடிவெடுக்கிறார். அடுத்த கேம் வருவதில்லை. 2011-இல் மேடையேறி நிண்டெண்டோவோடு இதுவரை இல்லாத கூட்டு என்று அறிவித்த பெரிய பப்ளிஷரான இஏ, 2013 மே மாதத்தில் வீ யூவுக்கு எதுவும் தயாரிப்பில் இல்லை என்று சொன்னது இந்த வழியில்தான்.

இதற்குப் பிறகு வந்த வறட்சிதான் உண்மையான சேதம். 2013-இன் முதல் பாதியில் நிண்டெண்டோவிடம் பெரிய சொந்த கேம் தயாராக இல்லை. மார்ச்சில் லெகோ சிட்டி அண்டர்கவர், மான்ஸ்டர் ஹன்டர் 3 அல்டிமேட். பிக்மின் 3 ஜப்பானுக்கு ஜூலையில், அமெரிக்காவுக்கு ஆகஸ்டில். இடையில் கைகொடுக்கவேண்டிய ரேமன் லெஜண்ட்ஸ் வீ யூவுக்கு மட்டும் என்று பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில் யூபிசாஃப்ட் அதை செப்டம்பருக்குத் தள்ளி மற்ற கன்சோல்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுக்க விற்ற வீ யூ 1.6 லட்சம். ஒரு புதிய கன்சோலுக்கு முதல் ஆண்டிலேயே இப்படி ஒரு காலாண்டு வந்துவிட்டால் கடைக்காரர் அலமாரியில் இடத்தைக் குறைத்துவிடுவார். பப்ளிஷர்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் போடுகிறார்கள்.

சொந்த கேம்களால் மட்டும் ஏன் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். பெரிய கேம் ஒன்றுக்கு நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குழுக்கள் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு பெரிய கேம்கள். ஒன்று தள்ளிப்போனால் அந்த ஆண்டில் மிச்சம் ஒன்று. மீதிப் பத்து மாதத்துக்குக் கன்சோல் வைத்திருப்பவர் என்ன விளையாடுவார்? வீ யூ காலத்தில் நிண்டெண்டோவுக்கு 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியும் இருந்தது. இருந்த குழுக்களை இரண்டுக்கும் பிரித்துக்கொடுக்கவேண்டிய நிலை.

ஸ்விட்ச்சில் முதலில் மாற்றியது இதைத்தான். கையடக்கமும் வீட்டுக் கன்சோலும் ஒன்றானதால் எல்லாக் குழுக்களும் ஒரே கருவிக்கு வேலை செய்தன. 2017 மார்ச் 3 செல்டா. ஏப்ரலில் மரியோ கார்ட் 8 டீலக்ஸ். ஜூனில் ஆர்ம்ஸ். ஜூலையில் ஸ்பிளட்டூன் 2. ஆகஸ்டில் மரியோ + ரேபிட்ஸ், இது யூபிசாஃப்ட் செய்தது. அக்டோபர் தொடக்கத்தில் ஸ்டார்டியூ வேலி, கடைசியில் மரியோ ஒடிசி. நவம்பரில் டூம், ஸ்கைரிம். டிசம்பரில் செனோபிளேடு 2. இந்த வரிசையில் வெளியார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சொந்த கேம் வராத வாரங்களில்தான். மரியோ கார்ட் 8-இன் கதையும் இதையே சொல்கிறது. வீ யூவில் 84.6 லட்சம் விற்ற அதே கேமின் டீலக்ஸ் பதிப்பு ஸ்விட்ச்சில் 6.5 கோடியைத் தாண்டிவிட்டது. கேம் மாறவில்லை, சுற்றியிருந்த கன்சோல் மாறியது.

இன்னொன்று. "நிண்டெண்டோவின் சொந்த கேம்" என்று நாம் சொல்வதில் பல, வெளி ஸ்டூடியோ செய்து நிண்டெண்டோ வெளியிடுவது. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டை உருவாக்கியதில் பெரும்பங்கு பண்டாய் நாம்கோ ஸ்டூடியோஸ். மெட்ராய்டு டிரெட் ஸ்பெயினின் மெர்குரிஸ்டீம். ஃபயர் எம்ப்ளம் த்ரீ ஹவுசஸில் கோயி டெக்மோ. லிங்க்ஸ் அவேக்கனிங் மறு ஆக்கம் கிரெசோ. போக்கிமானைச் செய்யும் கேம் ஃப்ரீக் தனி நிறுவனம். ஆகவே நிண்டெண்டோ வெளியாரை நம்பாத நிறுவனம் என்பதே தவறான படம். வெளி பப்ளிஷரைக் குறைவாக நம்புகிறது, வெளி டெவலப்பரை மிக நன்றாக நம்புகிறது. பேயோனெட்டா 2-க்கு வேறு யாரும் பணம் போட முன்வராதபோது நிண்டெண்டோ போட்டதால்தான் அது 2014-இல் வீ யூவுக்கு வந்தது.

---

ஷேடர்_செல்வி பதில்:

முகிலன் அட்டவணையைச் சொல்லிவிட்டார். நான் ஹார்டுவேர் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பப்ளிஷர் கூட்டத்தில் "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்பே எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) குழு "முடியாது" என்று சொல்லிவிடும் சந்தர்ப்பங்கள் அதிகம்.

பிளேஸ்டேஷன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020-இல் பிஎஸ் 5 பற்றிப் பேசியபோது ஓர் அளவுகோலைக் காட்டினார். ஒரு குழு புதிய கன்சோலைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அதன் திறனைப் பயன்படுத்தி உருப்படியாக எதையாவது திரையில் ஓடவைக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பது. முதல் பிளேஸ்டேஷனுக்கு 1–2 மாதம். பிஎஸ் 2-க்கு 3–6 மாதம். பிஎஸ் 3-க்கு 6–12 மாதம். பிஎஸ் 4-க்கு மறுபடி 1–2 மாதம். பிஎஸ் 5-க்கு ஒரு மாதத்துக்கும் குறைவு. வெளியார் ஆதரவு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்த ஒரே அளவுகோலில் அடங்கிவிடும்.

பிஎஸ் 3-இல் ஏன் ஓராண்டு வரை ஆனது? செல் ப்ராசஸரில் ஒரு முதன்மைக் கோர். அதனோடு கேம்களுக்குக் கிடைக்கும் துணைக் கோர்கள் ஆறு. ஒவ்வொரு துணைக் கோருக்கும் 256 கிலோபைட் சொந்த நினைவகம்தான். முதன்மை நினைவகத்திலிருந்து தரவைத் துண்டுதுண்டாக இழுத்துப்போட்டு, கணக்குப் போட்டு, திருப்பி எழுதவேண்டிய பொறுப்பு புரோகிராமர் தலையில். கூடவே 512 மெகாபைட் நினைவகமும் 256 + 256 என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் அதே 512 ஒரே தொகுப்பு. அதனால் குழுக்கள் 360-ஐ முதலில் வைத்து எழுதிவிட்டு பிஎஸ் 3-க்குக் கடைசியில் மாற்றின. பேயோனெட்டாவின் பிஎஸ் 3 பதிப்பு பிரேம் வேகத்தில் தடுமாறியதும், ஸ்கைரிமில் சேமிப்புக் கோப்பு பெரிதாகப் பெரிதாக கேம் திணறியதும் பலருக்கும் நினைவிருக்கும். இரண்டும் சோனியின் சொந்த ஸ்டூடியோ கேம்கள் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டி டாக் போன்ற சொந்த ஸ்டூடியோ அதே இயந்திரத்தில் அற்புதம் செய்தது. ஆனால் அவர்களுக்கு ஒரே கன்சோல்தான் வேலை. மூன்று தளங்களுக்கு ஒரே நாளில் கொடுக்கவேண்டிய குழுவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

பிஎஸ் 4-ஐ வடிவமைக்கும் முன்பு செர்னி வெளி ஸ்டூடியோக்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் கேட்டதில் முக்கியமானது பிளவில்லாத ஒரே நினைவகம். கொடுத்தது பிசிகளில் இருப்பது போன்ற எக்ஸ்86 ப்ராசஸர், 8 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம். 11 கோடிக்கு மேல் விற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் நாளிலிருந்தே பல தளங்களில் வந்த கேம்கள் பிஎஸ் 4-இல் நன்றாக ஓடின என்பதற்கு இதுதான் நேரடிக் காரணம்.

ஸ்டூடியோவின் பேச்சைக் கேட்டு ஹார்டுவேரையே மாற்றியதற்கு இன்னொரு சான்று எக்ஸ்பாக்ஸ் 360. முதலில் 256 மெகாபைட் என்றுதான் திட்டம். கியர்ஸ் ஆஃப் வார் செய்துகொண்டிருந்த எபிக் நிறுவனம் 512 இருந்தால் காட்சி எப்படி இருக்கும் என்று காட்டி வற்புறுத்தியது, மைக்ரோசாஃப்ட் செலவை ஏற்றுக்கொண்டது. அன்ரியல் எஞ்சின் 3-இல் வந்த எண்ணற்ற கேம்கள் அந்தத் தலைமுறை முழுக்க 360-இல் நன்றாக ஓடியதற்கு அந்த முடிவு அடித்தளம்.

வீ யூவில் நேர்மாறாக நடந்தது. மூன்று கோர் பவர்பிசி, வேகம் 1.24 கிகாஹெர்ட்ஸ், கேம்களுக்கு 1 ஜிபி நினைவகம். கிராஃபிக்ஸ் சிப் 360-ஐ விடப் புதியது, ஆனால் சிபியு மெதுவானது. 360-இல் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஆறு த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகளை) நம்பி எழுதிய இயற்பியல், அனிமேஷன், எதிரிகளின் நடத்தை எல்லாம் அப்படியே கொண்டுவந்தால் மூச்சுமுட்டும். அந்த வேலைகளை கிராஃபிக்ஸ் சிப்புக்கு மாற்றி எழுதவேண்டும். அது மாதக்கணக்கில் ஆகும், விற்கப்போவது சில ஆயிரம் பிரதிகள். பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபின் அன்ரியல் எஞ்சின் 4 வீ யூவுக்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. இஏவின் ஃப்ராஸ்ட்பைட் 3-உம் வரவில்லை. எஞ்சின் வராத இடத்துக்கு அந்த எஞ்சினில் எழுதப்பட்ட ஒரு கேமும் வராது. ஒரு எஞ்சினை இழப்பது என்பது ஒரே நேரத்தில் ஐம்பது கேம்களை இழப்பது.

ஸ்விட்ச்சின் சிப் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1, ஏற்கெனவே ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓடியது. யூனிட்டி, அன்ரியல் 4 இரண்டும் தொடக்கத்திலேயே ஆதரித்தன. 4 ஜிபி நினைவகம் அதிகமில்லை, ஆனால் பழக்கமான கட்டமைப்பு என்பதால் தெளிவுத்திறனைக் குறைத்து, டெக்ஸ்சரை மாற்றி, பிரேமை 30-க்கு இறக்கி எப்படியாவது கொண்டுவர முடிந்தது. குறைந்த சக்தியைச் சமாளித்துவிடலாம். பழகாத கட்டமைப்பைச் சமாளிப்பதுதான் கடினம்.

இப்போதைய தலைமுறையிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் 10 ஜிபி நினைவகம், சீரிஸ் எக்ஸ்-இல் 16 ஜிபி. இரண்டிலும் ஒரே அம்சங்கள் இருக்கவேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. பால்டர்ஸ் கேட் 3-இல் இருவர் ஒரே திரையைப் பிரித்து விளையாடும் வசதி சீரிஸ் எஸ்-இல் அடங்கவில்லை. பிஎஸ் 5-இல் 2023 செப்டம்பர் 6 அன்று வந்த கேம் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது, அதுவும் அந்த விதிக்கு விலக்குக் கொடுத்தபின். அந்த ஆண்டின் பெரிய கேம்களில் ஒன்று கன்சோல்களில் மூன்று மாதம் போட்டியாளரிடம் மட்டும் இருந்தது.

---

கணக்கன் பதில்:

ஹார்டுவேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசியில் ஒரு பிரதிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் பப்ளிஷர் வருவார். கன்சோல் நிறுவனத்துக்கும் அதே கணக்குத்தான். டிஜிட்டல் கடையில் வழக்கமான பங்கு 30%. 60 டாலர் கேம் ஒன்று விற்றால் 18 டாலர் கன்சோல் நிறுவனத்துக்கு. இதற்காக அது ஒரு ரூபாய்கூடத் தயாரிப்புச் செலவு செய்யவில்லை, தோற்றால் நஷ்டமும் பப்ளிஷருடையது. கன்சோலை அடக்க விலைக்கோ அதற்குக் கீழோ விற்கத் துணிவது இந்த வருமானத்தை நம்பித்தான்.

இந்த முறையை நிலைநாட்டியது நிண்டெண்டோ. அதற்கு முன்பு அட்டாரி 2600 கன்சோலில் வெளியார் கேமைத் தடுக்கும் எந்தப் பூட்டும் கிடையாது. 1979-இல் அட்டாரியை விட்டு வெளியேறிய புரோகிராமர்கள் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள், அட்டாரி வழக்குப் போட்டது, 1982-இல் ராயல்டிக்குச் சமரசமானது. வழி திறந்ததும் யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் போடத் தொடங்கி, குப்பை குவிந்து, கடைகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டதில் 1983-இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. வெளியார் ஆதரவு அளவுக்கு மீறினாலும் ஆபத்து என்பதற்கு அதுதான் சான்று.

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலில் பூட்டுச் சிப் இருந்தது. உரிமம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஐந்து கேம்தான், இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கன்சோலுக்குக் கொடுக்கக்கூடாது, கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோவே தயாரிக்கும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு முன்பணம் கட்டவேண்டும். கொனாமி ஐந்து கேம் வரம்பைத் தாண்ட அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் நிறுவனம் தொடங்கியது. சந்தையில் பெரும்பங்கு கையில் இருந்தவரை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். மாற்று வந்ததும் நிலைமை மாறியது. இஏ 1990-இல் சேகா ஜெனசிஸைத் தானே பிரித்து ஆராய்ந்து, உரிமம் இல்லாமலேயே கேம் போட முடியும் என்று காட்டி, ராயல்டியைக் குறைத்து ஒப்பந்தம் போட்டது. மேடன் ஃபுட்பால் அங்கே வந்தது, அமெரிக்காவில் ஜெனசிஸ் எழுந்ததற்கு விளையாட்டு கேம்கள் பெரிய காரணம்.

அடுத்து கார்ட்ரிட்ஜ், சிடி வேறுபாடு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். கார்ட்ரிட்ஜை ஆர்டர் கொடுத்துப் பல வாரம் காத்திருக்கவேண்டும். குறைவாகப் போட்டால் விற்கும் நேரத்தில் சரக்கு இருக்காது. அதிகமாகப் போட்டால் விலையுயர்ந்த சிப்கள் கிடங்கில் தேங்கும். சிடியை அச்சடிக்கச் சில நாள், செலவு கார்ட்ரிட்ஜில் மிகச் சிறு பங்கு. முதலில் குறைவாகப் போட்டு, விற்றால் மறுபடி அடிக்கலாம். சிறிய பப்ளிஷர் புதிய யோசனை ஒன்றைத் துணிந்து முயல முடிந்தது இதனால்தான். கொள்ளளவும் எங்கேயோ இருந்தது: சிடி 650 மெகாபைட், நிண்டெண்டோ 64-இன் மிகப்பெரிய கார்ட்ரிட்ஜ் 64 மெகாபைட், சூப்பர் மரியோ 64 வெறும் 8 மெகாபைட். 1997 ஜனவரி 31 அன்று ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதே மாதம் டிராகன் குவெஸ்ட் 7-உம் பிளேஸ்டேஷனுக்கே என்று அறிவிப்பு. ஜப்பானில் போட்டி அங்கே முடிந்தது. கடைசிக் கணக்கு: பிளேஸ்டேஷன் 10.2 கோடி, நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. மரியோ 64, செல்டா ஒக்காரினா இரண்டும் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த கேம்கள் என்று இன்றும் சொல்கிறோம். அவை இருந்தும் இதுதான் முடிவு.

ராயல்டியைக் குறைத்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. 3டிஓ என்ற கன்சோல் அதைச் செய்து பார்த்தது. இஏவைத் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸ்தான் அதற்குப் பின்னால் இருந்தவர், பப்ளிஷர் வலியை அறிந்தவர். ஒரு பிரதிக்கு 3 டாலர் மட்டும் ராயல்டி என்றார், பப்ளிஷர்கள் கூட்டமாக வந்தார்கள். ஆனால் கன்சோலைத் தயாரித்தது பானசோனிக் போன்ற வேறு நிறுவனங்கள். அவர்களுக்கு கேம் விற்பனையில் பெரிய பங்கில்லை, கருவியிலேயே லாபம் பார்க்கவேண்டும். 1993-இல் விலை 699 டாலர். ஒருவர் ஐந்து கேம் வாங்கினாலும் வருவது 15 டாலர், அதை வைத்து விலையில் எதைக் குறைப்பது? வாங்க ஆளில்லாததால் வந்த பப்ளிஷர்களும் போய்விட்டார்கள்.

சேகா செய்த தவறு வேறு வகை. சேட்டர்ன் கன்சோல் அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 2 என்று அறிவித்துவிட்டு, மே 11 அன்றே 399 டாலருக்கு விற்பனையில் இறக்கினார்கள். செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த வெளியாரிடம் எதுவும் தயாராக இல்லை. முதல் நாள் கேம்கள் ஆறும் சேகா வெளியிட்டவை. சரக்கு நான்கு கடைத்தொடர்களுக்கு மட்டும் போனதால் கேபி டாய்ஸ் சேகா பொருட்களையே விற்பதை நிறுத்தியது. அந்த மே மாதத்திலேயே சோனி 299 டாலர் என்று அறிவித்தது. அந்தச் செயலால் காயப்பட்ட இஏ, சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்டுக்கு வரவே இல்லை, ட்ரீம்காஸ்ட் 91 லட்சத்தோடு நின்றது.

---

ஷேடர்_செல்வி பதில்:

கணக்கன், கடைசி வரியை மட்டும் ஏற்கமாட்டேன். இஏ வராததால் விளையாட்டு கேம் இல்லாமல் போகவில்லை. சேகா விஷுவல் கான்செப்ட்ஸை வாங்கி என்எஃப்எல் 2கே, என்பிஏ 2கே செய்தது, மேடனுக்குச் சவால் விடும் தரம். இஏவின் முடிவுக்குப் பின்னால் சேட்டர்ன் காயம் மட்டும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. விளையாட்டு கேம்களில் தனியுரிமை கேட்டார்கள், சேகா மறுத்தது என்று அன்றைய சேகா அமெரிக்கத் தலைவர் பெர்னி ஸ்டோலரே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் பிஎஸ் 2 டிவிடி ஓட்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, சேட்டர்ன் காலக் கடன் இருந்தது, ட்ரீம்காஸ்டில் எந்த மாற்றமும் செய்யாமல் நகல் சிடியை ஓட்ட முடிந்த ஓட்டையும் இருந்தது. நகல் ஓடும் இயந்திரம் என்றால், கன்சோல் நிறுவனம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டாலும் பப்ளிஷர் தயங்குவார்.

---

கணக்கன் பதில்:

தனியுரிமைப் பேச்சு நடந்தது உண்மை, ஏற்கிறேன். ஆனால் அப்படிக் கேட்கும் துணிச்சல் இஏவுக்கு வந்ததே சேகாவின் பேரம்பேசும் பலம் சேட்டர்னில் கரைந்ததால்தான். 

---

வேலன்_பிட் கேட்டது:

மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு துணைக் கேள்விகள். பெரிய பப்ளிஷரை விடுங்கள், மூன்று நான்கு பேர் கொண்ட சிறிய குழு கன்சோலுக்கு வர என்னென்ன படிகள், எங்கே சிக்குவார்கள்? இரண்டாவது, சந்தையில் முதலிடத்தில் இருப்பவருக்கும் இந்த ஆதரவு அவ்வளவு அவசியமா?

---

போர்ட்டிங்_மணி பதில்:

சிறிய குழு விஷயம் நான் சொல்றேங்க.

முதல்ல மூணு நிறுவனத்துக்கும் தனித்தனியா டெவலப்பர் பதிவு. நிறுவனப் பேர், வரி விவரம், கேமோட ஓடுற மாதிரி ஒன்னு கேட்பாங்க. ரகசிய ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டபிறகுதான் ஆவணங்களும் டெவ் கிட்டும் (கேமை உருவாக்கிச் சோதிக்கிற தனி கன்சோல்). எக்ஸ்பாக்ஸ் 2013-ல ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டம் ஆரம்பிச்சப்போ சேர்ற குழுவுக்கு ரெண்டு டெவ் கிட் இலவசம்னு கொடுத்தாங்க. அந்த ஒரு முடிவு நிறையப் பேரை உள்ள கொண்டுவந்துச்சு.

யூனிட்டி, அன்ரியல்ல பிசிக்கு எழுதின கேமை கன்சோல்ல ஓடவைக்கிறது பெரிய கஷ்டம் இல்லை. சிக்குறது சான்றுச் சோதனைல. சோனில டிஆர்சி, எக்ஸ்பாக்ஸ்ல எக்ஸ்ஆர், நிண்டெண்டோல லாட்செக். கேம் நல்லாருக்கான்னு யாரும் பார்க்கமாட்டாங்க, விதிப்படி நடந்துக்குதான்னுதான் பார்ப்பாங்க. அடிக்கடி விழுறது இதெல்லாம்:

கன்ட்ரோலர் பேட்டரி போனா கேம் தானா நிக்கணும். நிறையப் பேர் மெனுல மட்டும் கவனிச்சுட்டு, கட்-சீன் ஓடும்போது சோதிக்க மறந்துடுவாங்க.

சேமிக்கிற நேரத்துல இடம் தீர்ந்தா என்ன ஆகும்னு காட்டணும். பிசில டிஸ்க் நிறையிறது அபூர்வம், கன்சோல்ல சோதிக்கிறவங்க வேணும்னே நிரப்பிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க.

ஸ்லீப் மோடுக்குப் போய் எழுந்தபிறகு ஆன்லைன் இணைப்பு அறுந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காம அடுத்த தரவுக்காகக் காத்துக்கிட்டே கேம் உறைஞ்சு போயிடும். ஸ்விட்ச்ல கூடுதலா டிவியோட இணைக்கிற டாக்ல வெக்கிறது, எடுக்கிறது. தெளிவுத்திறன் மாறுற அந்த நொடில க்ராஷ் ஆகுற கேம் ஏராளம்.

பட்டன் பேர். எக்ஸ்பாக்ஸ்ல ஏ கீழ இருக்கு, நிண்டெண்டோல ஏ வலப்பக்கம். ஜப்பான்ல பிஎஸ் 4 வரைக்கும் வட்டம்தான் சரி, பெருக்கல் குறிதான் ரத்து. பிஎஸ் 5-ல உலகம் முழுக்க பெருக்கல் குறியே சரி. படத்துல ஒரே ஒரு இடத்துல பழைய பட்டன் சின்னம் மிச்சம் இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

எக்ஸ்பாக்ஸ்ல கேம் நடுவுல பயனர் கணக்கை மாத்தினா யாரோட சேமிப்புல எழுதுறோம்ங்கிறது. இதை ஆரம்பத்துலயே வடிவமைக்காட்டி கடைசில சரிபண்ண பல வாரம் போயிடும்.

வயது மதிப்பீடு: டிஜிட்டல் மட்டும்னா ஐஏஆர்சிங்கிற சர்வதேச மதிப்பீட்டு அமைப்போட படிவம் ஒன்னு நிரப்பினா பல நாடுகளுக்குச் சேர்த்துக் கிடைக்கும், கட்டணம் இல்லை. ஜப்பானையும், டிஸ்க் இல்ல கார்ட்ரிட்ஜா போடுறதையும் தனியா பார்த்துக்கணும். வெளியீட்டுத் தேதி அறிவிக்கிறதுக்கு முன்ன குறைஞ்சது ரெண்டு தடவை தோத்துத் திரும்பி வர்ற அளவுக்கு அவகாசம் வையுங்க.

கன்சோல் நிறுவனம் இந்த இடத்துல கடுமையா நடந்துக்கிட்டா என்ன ஆகும்னு 2012-ல ஃபெஸ் கேம் விஷயத்துல பார்த்தோம். எக்ஸ்பாக்ஸ் 360-ல அதோட அப்டேட் ஒன்னு சிலரோட சேமிப்பைக் கெடுத்துச்சு. திருத்தி மறுபடி சான்றுக்கு அனுப்ப பல்லாயிரம் டாலர் கட்டணும்னு சொல்லி அந்தக் குழு திருத்தாமலே விட்டுடுச்சு. 2013-ல மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தையே எடுத்துட்டாங்க. சின்ன குழுக்கள் பிஎஸ் 4 பக்கம் சாஞ்சிட்டிருந்த காலம் அது.

---

முகிலன்64 பதில்:

இரண்டாவது கேள்விக்கு: முதலிடத்தில் இருப்பவர்தான் அதிகம் பயப்படுகிறார். 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிசார்டை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தபோது ஒழுங்குமுறை அமைப்புகளிடம் கடுமையாக எதிர்த்தது சோனி. எக்ஸ்பாக்ஸைவிட நன்றாக விற்கும் கன்சோல் கையில், காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் சொந்தமாக. அப்படியிருந்தும் ஒரே ஒரு வெளி கேம் தொடரை, கால் ஆஃப் டியூட்டியை, இழந்தால் பயனர்கள் இடம் மாறிவிடுவார்கள் என்று வாதிட்டது. 2023 ஜூலையில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் முடிந்தது. நிண்டெண்டோவுடன் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே பத்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

காரணம் எளிது. ஆண்டுக்கு இரண்டு மூன்று கேம் மட்டும் வாங்குபவர் பெரும்பாலும் கால் ஆஃப் டியூட்டி, கால்பந்து, ஃபோர்ட்நைட் இவற்றைத்தான் விளையாடுகிறார். நண்பர்கள் எந்தக் கன்சோலில் இருக்கிறார்களோ அதைத்தான் அவரும் வாங்குவார். சோனியின் சொந்த கேமை முடித்தபின் அவர் திரும்பிப்போகும் இடம் அதுதான், அங்கே ஒவ்வொரு முறை காசு செலவழிக்கும்போதும் கடைப் பங்கு சோனிக்கு வருகிறது.

எதிர்த்திசையிலும் இதைப் பார்க்கலாம். சீ ஆஃப் தீவ்ஸ் 2024 ஏப்ரலில் பிஎஸ் 5-க்கு வந்தது, ஃபோர்சா ஹொரைசன் 5 2025 ஏப்ரலில். சோனியின் பார்வையில் மைக்ரோசாஃப்ட் இப்போது மிகப்பெரிய வெளி பப்ளிஷர்களில் ஒன்று.

ஸ்விட்ச் 2-வையும் கவனித்துக்கொண்டிருங்கள். 2025 ஜூன் 5 அன்று வந்தது, 12 ஜிபி நினைவகம், முதல் நாளே சைபர்பங்க் 2077 முழுதாக 64 ஜிபி கார்டில். ஆனால் பல வெளி நிறுவனங்கள் கேம்-கீ கார்டைத் தேர்ந்தெடுத்தன. அதில் கேம் இருக்காது, கார்டைச் செருகி இணையத்தில் இறக்கிக்கொள்ளவேண்டும். கணக்கன் சொன்ன கார்ட்ரிட்ஜ் விலைக் கணக்கு முப்பது ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கிறது. வெளியார் வரவேண்டும் என்றால் அந்தச் செலவை யாராவது ஏற்கவேண்டும், இந்தமுறை அது வாங்குபவரின் இணைய இணைப்புக்கும் எஸ்டி கார்டுக்கும் போயிருக்கிறது. ஸ்விட்ச் 2-க்குப் பழைய மைக்ரோ எஸ்டி கார்டு கேம்களைச் சேமிக்க உதவாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். வாங்குவதற்கு முன் அட்டையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.